கரையில் ஆடியவர்

எங்கள் வீட்டு குரூப் போட்டோ எதிலும் யாருடைய கையும் கீழே இருக்காது. கல்யாணமோ, பிறந்த நாளோ, போட்டோ எடுப்பவர் "ரெடி" என்றதும் எல்லோரும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, ஒரு காலை மடக்கி, வாயைப் பிளந்து நிற்போம். கைக்குழந்தை இருந்தால் அதன் கையை யாராவது பிடித்துத் தூக்கிவிடுவார்கள். தெரியாதவர்கள் பார்த்தால் கூண்டோடு போலீசில் மாட்டிக்கொண்ட குடும்பம் என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது ஆட்டக்காரர் போஸ்.

ஆட்டக்காரர் என்பவர் சித்தப்பா எடுத்த ஒரு படத்தில் இருக்கிற மனிதர்.

சித்தப்பா பயணப் பத்திரிகை ஒன்றுக்காகப் பல நாடுகள் சுற்றிப் படம் எடுத்தவர். சொந்தக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'உலகம்'. "உலகம் சாப்பிட்டாச்சா?", "உலகம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கு?" என்று சித்தியே கேட்பார். அவர் போன ஊர்களின் பெயர்கள் எங்கள் வாயில் நுழைவதில்லை. அங்கே என்ன நடந்ததோ அதுவே எங்களுக்கு ஊர்ப்பெயர். ஷூ போன ஊரில், காயட்டும் என்று கூடாரத்துக்கு வெளியே வைத்த ஷூவை ஓர் ஆடு மென்றுவிட்டது. மறுநாள் ஒரு காலில் ஷூவும் மறு காலில் ரப்பர் செருப்புமாகப் போய் அந்த ஊர் மேயரைப் படம் எடுத்தார். பூனை ஊரில் ஓட்டல் ரிஜிஸ்தர் மேல் ஒரு பூனை தூங்கிக்கொண்டிருந்தது. அது தானாக எழுந்தால்தான் அறை என்று சொல்லிவிட்டார்களாம். கதவு ஊரில் கழிப்பறைக் கதவு திறக்கவில்லை. உள்ளே மாட்டிக்கொண்டவர் ஜன்னல் வழியாக எடுத்த சூரிய உதயம்தான் அவர் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. அதைப் பார்த்து யாராவது ஆகா என்றால் சித்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் மேலே பாலத்து ஊர்.

ரயில் ஓர் ஆற்றுப் பாலத்தின் மேல் மெதுவாகப் போகிறது. கீழே மணல் கரையில் ஒரு மனிதர். ரயிலைப் பார்த்ததும் கைகளைத் தூக்கிக் குதித்துக் குதித்து ஆடுகிறார். ஆடிய வேகத்தில் ஒரு ஷூ கழன்று மணலில் கிடக்கிறது. சித்தப்பா ஜன்னல் கண்ணாடி வழியாக நான்கு படங்கள் எடுத்தார். மூன்றாவதுதான் பத்திரிகை அட்டையில் வந்தது. பிறகு காலண்டரில் வந்தது, வாழ்த்து அட்டையில் வந்தது.

கதை அதோடு முடியாது. அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டியே திரும்பி நடந்து, சித்தப்பா அவரைக் கண்டுபிடித்தார். ஏன் ஆடினீர்கள் என்று கேட்டார். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதில் காலண்டரில் படத்துக்கு அடியில் இருக்கும்: 'ரயிலில் போகிறவர்கள் பாவம், உட்கார்ந்தே போகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்து ஆடினேன்.' பயண அனுபவம் பேசக் கூப்பிடும் மேடைகளில் சித்தப்பா இதைச் சொல்லிவிட்டு அந்த ஆட்டத்தை ஆடிக் காட்டுவார். சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுவார். கைதட்டல் ஓய நேரமாகும்.

பள்ளியில் படிக்கும்போது அந்தக் காலண்டர் தாளை வெட்டி என் மேஜைக்கு மேல் ஒட்டியிருந்தேன். என்னைப் போன்ற ஆட்களுக்கும் சேர்த்து யாரோ ஒருவர் எங்கோ ஆடுகிறார் என்பது ஆறுதலாக இருந்தது.

நான் வேதியியல் படித்தேன். நல்ல மதிப்பெண். ஆனால் இன்டர்வியூவில் வாய் ஒட்டிக்கொள்ளும். சித்தி எனக்கு வைத்த பெயர் வாயில்லாப்பூச்சி. "வீட்ல உக்காந்து சுவரைப் பார்க்கிறதுக்கு ஸ்டுடியோல உக்காந்து ஸ்லைடைப் பாரு" என்று சித்தப்பாதான் கூட்டிப்போனார். அவர் வீட்டின் முன்பக்கம்தான் ஸ்டுடியோ. எனக்குக் கிடைத்தது ஜன்னல் இல்லாத பின்னறை. ஒரு ஸ்கேனர், ஒரு கம்ப்யூட்டர், அடியில் விளக்கு எரியும் ஒரு கண்ணாடி மேஜை, ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் போட்ட இரும்பு அலமாரி. அலமாரியில் அவருடைய ஸ்லைடுகள், அட்டைச் சட்டத்தில் பொருத்திய சின்னச் சின்ன ஃபிலிம் துண்டுகள், முழுவதும் இருந்தன. பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, ஊதி, ஸ்கேன் செய்து, கணினியில் தூசி நீக்குவது என் வேலை. ஸ்லைடில் தூசி இருந்தால் படத்தில் கரும்புள்ளியாகத் தெரியும். அதன் மேல் கர்சரை வைத்து ஒரு தட்டு. பக்கத்திலிருக்கும் நிறத்தை எடுத்துக் கம்ப்யூட்டர் அந்த இடத்தை நிரப்பிவிடும். வானத்தில் புள்ளி இருந்தால் வானம் வரும். மணலில் இருந்தால் மணல் வரும். யாரோடும் பேச வேண்டியதில்லை. எனக்குப் பிடித்திருந்தது.

சித்தப்பாவின் முதல் தனிக் கண்காட்சி அந்தச் சனிக்கிழமை நூலக மண்டபத்தில் தொடங்குவதாக இருந்தது. கூடவே புத்தக வெளியீடு. வாழ்நாளெல்லாம் அடுத்தவர் பத்திரிகைக்கு எடுத்த படங்களுக்கு முதல் முறையாக அவர் பெயரில் ஒரு புத்தகம். நடுச்சுவரில் ஆட்டக்காரர், ஆள் உயரத்துக்கும் மேலே.

இதுவரை அந்தப் படத்தை எங்கே போட்டாலும் ஆட்டக்காரரை மட்டும் வெட்டி எடுத்துத்தான் போட்டிருந்தார்கள். அட்டைக்கு அதுதான் பொருந்தியது. மேடையில் காட்டுவதும் வெட்டிய நகல்தான். மூல ஸ்லைடு அலமாரியை விட்டு வெளியே வந்ததில்லை. இந்தத் தடவை சித்தப்பா சொன்னார்: "ஆறு, மணல், வானம் எல்லாம் வரட்டும். அவ்வளவு பெரிய இடத்துல தனியா ஒரு ஆளு ஆடுறான் பாரு, அதுதான் படமே."

மூலத்தை ஸ்கேன் செய்தேன். நிறையத் தூசி. வானத்தில், மணலில், ஆற்றில். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்தேன். ஃபைல் பளிச்சென்று ஆனது. சித்தப்பா பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார். எனக்குக் காது சூடானது.

மறுநாள் காலை அவருக்கு இன்னொரு யோசனை வந்தது. பெரிய படத்துக்குப் பக்கத்தில் நான்கு படங்களையும் வரிசையாகச் சின்னதாக வைக்கலாம் என்றார். மற்ற மூன்றையும் எடுத்தேன்.

முதல் படத்தில் ஆற்றின் நடுவே ஒரு புள்ளி இருந்தது. தட்டப் போனேன். நேற்று மூன்றாவது படத்திலும் ஏறக்குறைய இதே இடத்தில் ஒன்றைத் தட்டியது நினைவுக்கு வந்தது. அதனால் விரலை எடுத்தேன். சந்தேகம் என்றுகூடச் சொல்ல முடியாது. தூசிக்கு ஆறு, கரை என்ற பேதம் கிடையாது. எங்கு வேண்டுமானாலும் விழும். இரண்டு ஸ்லைடில் ஒரே இடத்தில் விழுந்தது கொஞ்சம் வேடிக்கையாக இருந்தது, அவ்வளவுதான்.

இரண்டாவது படத்தைத் திறந்தேன். அதிலும் இருந்தது.

ரயில் நகர்ந்துகொண்டிருந்ததால் நான்கு படங்களிலும் எல்லாமே இடம் மாறியிருக்கும். ஆற்றின் நடுவில் ஒரு பாறை இருந்தது. அதை அளவாக வைத்துக்கொண்டேன். முதல் படத்தில் புள்ளி பாறைக்கு மேல்பக்கம். இரண்டாவதில் பாறையை ஒட்டி. நேற்று நான் அழித்ததற்கு முந்தைய ஸ்கேனைத் திறந்து பார்த்தேன். மூன்றாவதில் பாறையைத் தாண்டிக் கீழ்ப்பக்கம். தண்ணீர் ஓடுகிற திசையில்.

ஸ்லைடை ஸ்கேனரிலிருந்து எடுத்து காற்றடிக்கும் ரப்பர் பந்தால் ஊதினேன். மறுபடி ஸ்கேன் செய்தேன். புள்ளி இருந்தது. திரவத்தில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். இருந்தது. விளக்கு மேஜையில் வைத்து உருப்பெருக்கியால் பார்த்தேன். தூசி ஃபிலிமின் மேல் உட்கார்ந்திருக்கும். சாய்த்துப் பார்த்தால் அதற்கு நிழல் விழும். இதற்கு நிழல் இல்லை. ஆற்றைப் போல, மணலைப் போல, இதுவும் ஃபிலிமுக்குள் இருந்தது.

இரண்டாவது படத்தில் புள்ளியிலிருந்து மேல்நோக்கி ஒரு கோடு கிளம்பியது. நூலிழை என்று சொல்லிக்கொண்டேன். இழைகள் ஒட்டுவது சகஜம். பெரிதாக்கினேன். கோடு நடுவில் மடங்கியிருந்தது. இன்னும் பெரிதாக்கினேன். மடங்கிய இடம் முழங்கை.

கையுறைகளைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஏன் கழற்றினேன் என்று தெரியவில்லை. மறுபடி போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகுதான் ஆட்டக்காரரைப் பார்த்தேன். பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனிதர். முதல் படத்தில் அவர் ரயிலைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்க்கிறார். இரண்டாவதில் குனிந்து ஷூவைப் பிடுங்குகிறார். ஆட்டத்தில் கழன்று பறந்ததாக நாங்கள் நினைத்திருந்த ஷூ. மூன்றாவதில் ரயிலின் பக்கம் திரும்பி, கைகளைத் தூக்கி, வாயைத் திறந்து நிற்கிறார். நான்காவதில் முதுகு தெரிகிறது. ஒரு கால் தண்ணீரில். "ஆடின வேர்வைக்குக் குளிக்கப் போயிட்டாரு" என்று சித்தப்பா சொல்லும்போது மண்டபமே சிரிக்கும். நான்காவதில் பாறை இல்லை, ஆறும் பாதி இல்லை. பாலத்தின் இரும்புத் தூண் குறுக்கே வந்துவிட்டது.

நேற்று நான் தட்டினேன். அந்த இடத்தில் ஆறு வந்தது.

சித்தப்பா முன்னறையில் இருந்தார். சட்டம் போடுகிறவர் கண்ணாடி பொருத்திய பெரிய சட்டத்தைச் சுவரில் சாய்த்துவைத்து அளவு காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வெளியாள் முன்னால் பேச்சு வராது. வாசலிலேயே நின்றேன்.

"என்ன வாயில்லாப்பூச்சி, ஸ்கேனர் மறுபடியும் மக்கர் பண்ணுதா?"

தலையாட்டினேன். இல்லை என்றா, ஆமாம் என்றா என்று எனக்கே தெரியாது. அவர் எழுந்து வந்தார். பின்னறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினேன். சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது வேறு.

"சித்தப்பா, நீங்க அவரைப் பார்த்தீங்கள்ல?"

"எவரை?"

"ஆட்டக்காரரை. அப்புறமா, போய்."

"பார்த்தேனாவா? அடுத்த ஸ்டேஷன்ல குதிச்சேன். பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டுத் தண்டவாளத்து மேலேயே நடந்தேன். வழியில ஒரு நாய் வேற…" மேடைக் குரல் வந்துவிட்டது.

"சந்தோஷமா இருந்தாரா?"

"சந்தோஷமாவா? விட்டா என்னையும் சேர்த்து ஆட வச்சிருப்பாரு. ஏன்?"

அன்று மாலையே அவர் சிரித்துக்கொண்டு இருந்தார் என்றால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கிறது. தண்ணீரில் இறங்கியிருக்கிறார், இழுத்துக் கரை சேர்த்திருக்கிறார், அந்த மகிழ்ச்சியில் சித்தப்பாவிடம் விளையாட்டாக ஏதோ சொல்லியிருக்கிறார். அழுகை வருவது போலிருந்தது.

"அப்பாடா. அப்ப ஆத்துல இருந்தவங்க பொழச்சுட்டாங்க" என்றேன்.

"ஆத்துல யாரு இருந்தா?"

திரையைக் காட்டினேன். முதல் படம், இரண்டாவது, மூன்றாவது. பாறையை விரலால் தொட்டுக் காட்டினேன். பிறகு முழங்கையை.

அவர் குனிந்து பார்த்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "தூசி" என்றார்.

"ஊதிட்டேன் சித்தப்பா. துடைச்சும் பார்த்துட்டேன்."

"பூஞ்சையா இருக்கும். பழைய ஃபிலிம்ல பூஞ்சை பிடிக்கும்."

"பூஞ்சைன்னா கிளை கிளையாப் படரும். அதுவும் ஒவ்வொரு ஸ்லைடுலயும் கொஞ்சம் கொஞ்சமா நகர்ந்து போகாது."

"அப்ப ஏதாவது கட்டை. ஆறுன்னா கட்டை மிதக்காதா? நீ பாட்டுக்கு…" குரல் உயர்ந்தது. ஆனாலும் அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் கட்டைதான் வேண்டியிருந்தது.

"சரி, கட்டைதான். நீங்க பார்த்தப்ப அவரு சந்தோஷமா இருந்தாருல்ல? அப்ப கட்டைதான். இல்லேன்னா பொழச்சவங்க. ரெண்டுல ஒண்ணு. நீங்க பார்த்தீங்கள்ல சித்தப்பா?"

அவர் மறுபடி திரைப் பக்கம் குனிந்தார். அப்போது சித்தி தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு டீயோடு வந்தார்.

"என்னது இது, ரெண்டு பேரும் இழவு வீட்டுல உக்காந்த மாதிரி? உலகத்துக்கு என்ன ஆச்சு, சுத்தறதை நிறுத்திடுச்சா?"

"வச்சுட்டுப் போ" என்றார் சித்தப்பா.

"வந்துட்டாங்க பெரிய கலெக்டர். சனிக்கிழமைக்கு எந்தச் சட்டை போடப்போறீங்கன்னு சொன்னா இஸ்திரிக்குக் குடுப்பேன்."

"எதையாவது குடு."

சித்தி என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்தேன். அவர் போனதும் சித்தப்பா ஸ்டூலில் உட்கார்ந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அந்த வண்டி அடுத்த ஸ்டேஷன்ல நிக்கவே இல்ல" என்றார்.



"அப்ப மறுநாள் போனீங்களா?"

"போகல."

"அவரு சொன்னது? உக்காந்தே போறாங்க, அவங்களுக்கும் சேர்த்துன்னு…"

"பத்திரிகை ஆசிரியர் படத்துக்கு ரெண்டு பக்கம் ஒதுக்கிட்டாரு, கதை எங்கேன்னு கேட்டாரு. எங்கிட்ட கதையா இருந்துச்சு? பத்து செகண்டுதான் இருந்துச்சு." சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முதல்ல ரெண்டு வரிதான் எழுதினேன். மேடையில சொல்லச் சொல்ல வளர்ந்துடுச்சு. நாய் போன வருஷம்தான் வந்துச்சு."

என் மேஜைக்கு மேல் ஒட்டியிருந்த தாள் நினைவுக்கு வந்தது. அதிலிருந்த வரியை அந்த மனிதர் சொல்லவே இல்லை. அவர் என்னதான் சொன்னார்? வாய் அவ்வளவு பெரிதாகத் திறந்திருக்கிறதே.

"சத்தம் கேட்டுச்சா சித்தப்பா?"

"ஏசி பெட்டி. கண்ணாடி மூடி இருந்துச்சு. ஒண்ணும் கேக்கல." பிறகு, "நான் அவருக்குக் கை காட்டினேன்" என்றார்.

"என்ன?"

"அவரு கை காட்டுறாருன்னு நானும் காட்டினேன். சிரிச்சுக்கிட்டே இப்படி" என்று வலது கையைக் கொஞ்சமாக உயர்த்தி ஆட்டினார். பாதியில் அந்தக் கையைப் பார்த்தார். கீழே போட்டுவிட்டார்.

அந்த ஊரின் பெயரைக் கேட்டேன். எழுதினால், விசாரித்தால், யாருக்காவது தெரிந்திருக்கும். அவர் தலையை ஆட்டினார். ராத்திரியும் பகலுமாகப் போன வண்டி அது. எத்தனையோ பாலங்கள். ஸ்லைடின் அட்டைச் சட்டத்தில் 'பாலம்' என்று மட்டும் அவர் கையெழுத்தில் இருந்தது.

எழுந்தவர் கதவருகே நின்றார்.

"நீ க்ளீன் பண்ணின ஃபைல் இருக்குல்ல?"

"இருக்கு."

"அதுவே போகட்டும். மத்த மூணும் வேண்டாம். உங்க சித்திகிட்ட எதையும் உளறி வைக்காதே." பிறகு சிரிக்கப் பார்த்தார். "நீ எங்கே உளறப்போறே."

நான் வரவேற்பறை வழியாகத்தான் வெளியே போக வேண்டும். அங்கே ஒரு சுவர் நிறையக் குடும்பப் படங்கள். தினமும் கடந்துபோகிற சுவர். அன்று நின்றுவிட்டேன். பெரியப்பாவின் அறுபதாவது பிறந்த நாள், அக்கா கல்யாணம், தம்பியின் பட்டமளிப்பு. வரிசை வரிசையாகக் கைகளைத் தூக்கி, வாயைப் பிளந்துகொண்டு எல்லோரும் கூப்பிடுகிறார்கள். முதல் வரிசையில் ஒன்பது வயதில் நானும் கூப்பிடுகிறேன். யாரும் வரவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்து, அங்கே போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பிரிண்ட் போடும் இடத்துக்கு ஃபைல் அனுப்ப வேண்டும். ஒன்றைத்தான் கேட்டிருந்தார். நான் இரண்டை அனுப்பினேன். இரண்டாவதில் எல்லாத் தூசியையும் மறுபடி உட்கார்ந்து எடுத்திருந்தேன், அந்தப் புள்ளியைத் தவிர. எதற்காக என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குப் பதில் வந்திருக்காது. சித்தப்பாவை எதிர்த்துப் பேச எனக்குத் தெரியாது. ஆனால் என் விரலால் மறுபடி அந்த இடத்தைத் தட்டவும் முடியவில்லை.

சாயங்காலம் போன் வந்தது. பிரிண்ட் போடுகிறவர்.

"ஏம்மா, ரெண்டு ஃபைல் வந்திருக்கு. ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கு. எதைப் போட?"

"சித்தப்பாகிட்ட கேளுங்க" என்று சொல்லி, முன்னறைக்குப் போய் அவர் கையில் போனைக் கொடுத்தேன். "ரெண்டு ஃபைல் இருக்காம். எதைப் போடணும்னு கேக்கறாரு."

சித்தப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். எப்போதும் என்னைப் பார்க்கும் பார்வை இல்லை அது. போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே அவர் உதடு அசைவது தெரிந்தது. கேட்கவில்லை.

அதன் பிறகு சனிக்கிழமை வரை என்னிடம் அவர் பேசவில்லை. நான் பக்கத்தில் போனால் போனைக் கையில் எடுத்துக்கொள்வார். நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும்.

மண்டபம் நிறைந்திருந்தது. சித்தி புது உடையில் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பம் மட்டும் மூன்று வரிசை. நடுச்சுவரில் துணி போட்டு மூடியிருந்தது. நூலகர் நாலு வார்த்தை பேசினார். சித்தப்பா கயிற்றை இழுத்தார்.

மண்டபம் முழுக்க ஓ என்ற சத்தம். ஆறு ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு ஓடுவது போலிருந்தது. நான் கடைசி வரிசையிலிருந்து எழுந்து பக்கவாட்டில் நடந்தேன். ஆட்டக்காரரைப் பார்க்கவில்லை. பாறையைத் தேடினேன். பாறைக்குக் கீழ்ப்பக்கம்.

புள்ளி இருந்தது.

சுவரைப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு மைக் முன் நின்றார். சித்தி இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கிய நீலச் சட்டை அவருக்குப் பெரிதாக இருந்தது.

"அப்பா, ஆரம்பிங்க!" என்று முன்வரிசையிலிருந்து அவர் மகன் கத்தினான். "பாலத்து ஊரு! பாலத்து ஊரு!" பெரியப்பா எழுந்து கைகளைத் தூக்கினார். அவரைப் பார்த்து அத்தை. பிறகு மூன்று வரிசையும் எழுந்து கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றது. கூட்டம் தாளம் போடத் தொடங்கியது.

"அந்த வண்டி ஒரு பாலத்து மேல போய்க்கிட்டு இருந்துச்சு" என்றார் சித்தப்பா. நிறுத்தினார். கூட்டம் காத்திருந்தது. அவர் நிறுத்தினால் அடுத்து சிரிப்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் அடுத்த வார்த்தையைச் சொல்லவில்லை.

அந்த இடைவெளியில் சித்திக்குப் புள்ளி கண்ணில் பட்டுவிட்டது. வீட்டில் சுவிட்சின் மேல் ஒரு விரல் அழுக்கு இருந்தாலும் தாங்காதவர். படத்துக்கு நேராகப் போனார்.

"பாரு, இத்தனை பேரு வேலை பார்த்தும் தூசி ஒட்டிக்கிட்டு நிக்குது. நாளைக்கு உலகம் என்னைத்தான் திட்டும்" என்று முன்வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார். கைக்குட்டையை எடுத்து, கண்ணாடியில் வாயால் ஊதி, துடைத்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் துடைத்தார். விரல் நகத்தால் சுரண்டினார்.

"தேய்க்காதே" என்றார் சித்தப்பா. மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. "அது தூசி இல்ல."

"தூசி இல்லாம? பின்ன என்னவாம்?"

"ஆளு."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நூலகர்கூடச் சிரித்தார். சித்தியும் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். இத்தனை வருடம் சிரிக்க வைத்த மனிதர், புதிதாக ஒன்று தயார் செய்திருக்கிறார் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியிருக்கும். பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "அவருக்கு நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியல" என்றார் சித்தப்பா. "எனக்குத் தெரியாதுங்க. அந்த வண்டி நிக்கல. நான் இறங்கவே இல்ல. அவரை நான் போய்ப் பார்க்கவே இல்ல."

இன்னும் சிரித்தார்கள். அவர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் சிரித்தார்கள். அவர் கையெடுத்து வேண்டாம் என்பது போல் காட்டினார். அதற்கும் ஒரு கைதட்டல். கடைசியில் அவர் தேடுவது போல் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரத்தில் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவ்வளவுதான் முடிந்தது.

சித்தப்பா மைக்கிலிருந்து விலகி வந்தார். படத்துக்கு முன்னால் நின்றார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். ஒரு காலை மடக்கினார். வாயைத் திறந்தார். எல்லோருக்கும் மனப்பாடமான ஆட்டம். விசில் பறந்தது.

இந்தத் தடவை அவர் வாயிலிருந்து சத்தம் வந்தது.

"நிறுத்துங்க! வண்டியை நிறுத்துங்க! ஆத்துல ஆளு! யாராவது வாங்க! ஐயோ, போறாங்க, போறாங்க, யாராவது இறங்கி வாங்க!"

குதித்தார். பாறைக்குக் கீழே கையை நீட்டிக் காட்டினார். மறுபடி எங்கள் பக்கம் திரும்பிக் கைகளைத் தூக்கினார். குரல் உடைந்து கிழிந்தது. கைதட்டல் முதலில் பின்வரிசையில் நின்றது. பிறகு நடுவில். கடைசியாக எங்கோ ஒருவர் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தார், அவரும் நிறுத்தினார். சித்தியின் நகம் இன்னும் கண்ணாடி மேல் இருந்தது. அவர் மெல்லக் குனிந்து, அந்தப் புள்ளிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோனார்.

"வாங்க!" என்று சித்தப்பா கத்திக்கொண்டே இருந்தார்.

முன்னால் மூன்று வரிசையாக எங்கள் வீட்டார் தூக்கிய கைகளோடு நின்றார்கள். அவற்றை எப்படிக் கீழே இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை.